டியூப் ஆம்ப் வாங்குமுன்: 24,300 ரூபாயை விட்ட பிறகு எழுதுவது

கிட்டாருக்கு டியூப் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம் என்று நீங்கள் தேட ஆரம்பித்திருந்தால், காதில் விழும் பேச்சில் முக்கால்வாசி டோன் பற்றித்தான் இருக்கும். எந்த ஆம்புக்கு எந்தப் பெடல் (காலால் மிதித்து டோனை மாற்றும் சின்னப் பெட்டி) பொருந்தும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வாங்கிய பிறகு என்னென்ன செலவு வரும், ஃப்ளாட்டில் அதை எவ்வளவு சத்தத்தில் வைக்க முடியும், அமெரிக்க ஆம்பை நம் ஊர்க் கரண்டில் ஓட்டலாமா என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் கதை சுருக்கமாக இதுதான். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குத் திரும்பிய ஒருவரிடம் 40 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) ஒன்றை 55,000 ரூபாய்க்கு வாங்கினேன். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்கு 3,800, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் ஒரு ஜோடிக்கு 7,500, மெக்கானிக்குக்கு இரண்டு தடவையாக 3,000. ஏழு மாதம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்து 45,000-க்குத் தள்ளிவிட்டேன். 24,300 ரூபாய் போச்சு. அந்த ஏழு மாதத்தில் வால்யூம் நாப் ஒருநாள்கூட இரண்டைத் தாண்டவில்லை என்பதுதான் பெரிய வருத்தம்.

அப்புறம் நாலு மாதம் பொறுமையாகத் தேடி ஒரு 15 வாட் காம்போ வாங்கினேன். அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. இரண்டாவது தடவை போன வழியைத்தான் கீழே எழுதுகிறேன். பட்ஜெட் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கெல்லாம் எனக்கு ஆனது. நீங்கள் வாங்கும் நாளில் முன்னே பின்னே இருக்கும்.

1. கடைக்குப் போகுமுன்: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

வாட் கூடினால் சத்தமும் அதே அளவு கூடும் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் கிட்டார் ஆம்புகளில் சாதாரணம். அதில் 5 வாட் ஆம்ப் 104 டெசிபெல் தரும். 15 வாட் ஏறக்குறைய 109, 40 வாட் 113. ஐந்துக்கும் நாற்பதுக்கும் இடையே இவ்வளவுதான் வித்தியாசம். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45. இடையில் சுவர் இருக்கிறது, சரி. ஆனாலும் 5 வாட்டே பக்கத்து வீட்டுக்குப் போதும் என்பது புரிந்திருக்கும். எனக்கு மேல் வீட்டு மாமி வந்து புரியவைத்தார்.

டியூப் ஆம்பின் ருசியில் பாதி, பவர் டியூபுகள் கொஞ்சம் திணறும்போதுதான் வரும். 40 வாட் ஆம்பின் வால்யூமை ஒன்றில் வைத்து வாசித்தால் அந்தத் திணறலே இருக்காது. நல்ல விலை கொடுத்து வாங்கியதைச் சும்மா விளக்கு மாதிரி எரியவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மட்டும் என்றால் 1 முதல் 5 வாட். வீடும் ஜாம் ரூமும் என்றால் 15 முதல் 20 வாட், அதிலும் வாட்டைக் குறைக்கும் ஸ்விட்ச் இருப்பதாகப் பாருங்கள். டிரம்ஸோடு மேடையில், மைக் வைக்காமல், டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இல்லாத க்ளீன் சத்தம் வேண்டுமென்றால்தான் 30, 40 வாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். மேடையில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைக்கப் போகிறார்கள் என்றால் 15 வாட்டே ஏராளம். தேவாலயத்தில் வாசிப்பவர்களுக்கும் இதேதான்.

லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே கச்சேரியில் முப்பது பாட்டு, முப்பது விதமான டோன் என்றால் டியூப் ஆம்ப் உங்களுக்கு ஒத்துவராது. பல டோன்களை ஒரே பெட்டியில் தரும் ஒரு நல்ல மல்ட்டி எஃபெக்ட்ஸை நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள். காசும் மிஞ்சும், முதுகும் பிழைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரவு பதினொரு மணிக்கு ஹெட்ஃபோனில்தான் வாசிக்க முடியும் என்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

2. பட்ஜெட்டை ஆம்பிலேயே முடித்துவிடாதீர்கள்

60,000 இருந்தால் ஆம்புக்கு 48,000-க்கு மேல் போகாதீர்கள். மிச்சம் 12,000-க்கு வேலை காத்திருக்கிறது. என் இரண்டாவது ஆம்பின் கணக்கு: செகண்ட் ஹேண்ட் காம்போ 47,000, புது ஜோடி பவர் டியூப் 3,600, மெக்கானிக் திறந்து பார்த்துச் சுத்தம் செய்ய 1,500, தைத்து வாங்கிய கவர் 1,200. மொத்தம் 53,300. மீதியை மாற்று டியூபுக்கும் ஃபியூஸுக்கும் ஒதுக்கிவைத்தேன்.

டியூப் தேய்கிற பொருள், ஸ்கூட்டர் டயர் மாதிரி. தினமும் வாசித்தால் பவர் டியூப் ஒன்றிரண்டு வருடத்தில் களைத்துப்போகும். கிட்டாரின் சிக்னலை முதலில் பெருக்கும் சிறிய பிரீஆம்ப் டியூபுகள் அதைவிட அதிக நாள் வரும். எனவே ஒரு ஆம்பைப் பிடித்ததும் அதற்கு எத்தனை பவர் டியூப், ஒரு ஜோடி என்ன விலை என்று அன்றே விசாரியுங்கள். நாலு பவர் டியூப் உள்ள ஆம்ப் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. ஐந்தே ஐந்து டியூப் பெயர் தெரிந்தால் போதும்

பிரீஆம்பில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 இருக்கும். ஐரோப்பியப் பெட்டிகளில் இதே டியூபின் மேல் இசிசி83 என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

பவர் டியூபில் இஎல்84 என்றால் சிறியது, மணி அடித்த மாதிரி மேல் ஸ்வரம் பளிச்சென்று வரும், சீக்கிரம் கரகரக்கும். வாக்ஸ் ஆம்புகளின் குரல் இதுதான். இஎல்34 என்றால் மார்ஷல் பக்கம், நடு ஸ்வரம் முறைத்துக்கொண்டு நிற்கும். 6வி6, 6எல்6 இரண்டும் ஃபெண்டர் பாணி. 6வி6 சின்னது, மென்மையானது. 6எல்6 பெரியது, நெடுநேரம் க்ளீனாகவே நிற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இஎல்34, இஎல்84 என்று இரண்டு பெயரும் ஒரே மாதிரி காதில் விழும். போனில் ஆர்டர் கொடுத்து தப்பான ஜோடி வாங்கியவரை எனக்குத் தெரியும். இஎல்34-க்குத் தடித்த எட்டு முள் அடிப்பாகம். இஎல்84 கண்ணாடியிலேயே ஒன்பது மெல்லிய முள். ஒன்றை மற்றதன் சாக்கெட்டில் செருகவே முடியாது. டியூபைத் திருப்பி அனுப்பினால் பல கடைகள் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

இன்னொன்று: டியூப் பெட்டியின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சோல், முல்லார்ட் என்று இன்று புதிதாக விற்கும் டியூபுகள் பலவும் ரஷ்யாவின் சரடோவில் உள்ள ஒரே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ஜேஜே ஸ்லோவாக்கியாவில் தயாராகிறது. முதல் ஆம்புக்கு ஜேஜே போன்ற சாதாரணமாகக் கிடைக்கும் ஜோடியே போதும். ஐம்பது வருடப் பழைய ஸ்டாக் என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

4. ‘டியூப்’ என்று எழுதியிருப்பதெல்லாம் டியூப் இல்லை

பாஸ் கட்டானாவில் ‘டியூப் லாஜிக்’ என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். நல்ல ஆம்ப்தான், ஆனால் உள்ளே ஒரு டியூபும் கிடையாது. வாக்ஸ் வால்வ்ட்ரானிக்ஸ் வரிசையில் ஒரு 12ஏஎக்ஸ்7 இருக்கும், மற்ற வேலையெல்லாம் டிஜிட்டல். ஆரஞ்ச் மைக்ரோ டெரரில் முன்னால் ஒரு டியூப், பவர் பகுதி சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்). ஃபெண்டர் சூப்பர் சாம்ப் எக்ஸ்2 நேர் எதிர். அதில் பவர் பகுதியில் இரண்டு 6வி6, டோன்களை உருவாக்குவது டிஜிட்டல்.

இவற்றில் எதுவும் மோசமில்லை. சூப்பர் சாம்ப் சில பேருக்கு முழு டியூப் ஆம்பைவிடப் பயன்படும். டியூப் என்று நினைத்துக் காசு கொடுத்துவிட்டு வீட்டில் வந்து திறந்து பார்த்து வருத்தப்படக் கூடாது, அதற்குத்தான் சொல்கிறேன். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘பிரீஆம்ப், பவர் ஆம்ப் ரெண்டுமே டியூபா?’ பதில் சுற்றிவளைத்து வந்தால் இல்லை என்று அர்த்தம்.

5. பட்டியலை மூன்றாகக் குறையுங்கள்

நான் பார்த்து, வாசித்து, விசாரித்த அளவில் இந்த பட்ஜெட்டை ஒட்டி வருபவை இவை. சில புதிதாகவே கைக்கு எட்டும், சில செகண்ட் ஹேண்டில்தான்.

ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்: 15 வாட், இரண்டு இஎல்84, 12 அங்குல ஸ்பீக்கர், ரிவெர்ப் உண்டு. எடை 14 கிலோதான், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். எஃபெக்ட்ஸ் லூப் (பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடலைச் செருகும் இடம்) கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். டிலே (எதிரொலி) பெடலையும் ஆம்புக்கு முன்னாலேயே போட வேண்டிவரும். க்ளீனாக வைத்துப் பெடலால் கரகரப்பைக் கூட்டுபவர்களுக்கு ஏற்றது.

வாக்ஸ் ஏசி15: அதே 15 வாட், அதே இரண்டு இஎல்84, ஆனால் குணம் வேறு. நாபை ஏற்ற ஏற்ற ஆம்பே பாடும். எடை சுமார் 22 கிலோ. மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாமல் குடியிருந்தால் இந்த எட்டுக் கிலோ வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள்.

மார்ஷல் டிஎஸ்எல்20 காம்போ: இரண்டு இஎல்34, 20 வாட், ஸ்விட்சைப் போட்டால் 10. க்ளீன் ஒரு சானல், கரகரப்புக்கு ஒரு சானல், எஃபெக்ட்ஸ் லூப் என எல்லாம் இருக்கிறது. ராக், மெட்டல் வாசிப்பவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம். அதே மார்ஷலின் ஆரிஜின் 20 காம்போ 20, 3, அரை வாட் என்று மூன்று நிலையில் ஓடும். ஆனால் அதில் கரகரப்பு குறைவு, பெடல் வைத்திருப்பவர்களுக்கானது.

ஆரஞ்ச் ராக்கர் 15 காம்போ: 15, 7, 1, அரை வாட் என நாலு நிலை. ஸ்பீக்கர் 10 அங்குலம்.

லேனி கப்12ஆர்: 15 வாட். ஒரு வாட்டுக்கும் குறைவாக ஓட்ட தனியாக ஒரு இன்புட் வைத்திருக்கிறார்கள். வீடும் ஜாம் ரூமும் என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அழகில் கொஞ்சம் பின்தங்கிய ஆம்ப், அதனாலேயே செகண்ட் ஹேண்டில் விலை இறங்கி வரும்.

வீட்டுக்கு மட்டும் என்றால் பிளாக்ஸ்டார் ஹெச்டி-5ஆர் அல்லது புகேரா வி5. புகேராவை 5 வாட், 1 வாட், 0.1 வாட் என்று இறக்கலாம். ஸ்பீக்கர் 8 அங்குலம்தான், அடி ஸ்வரம் ஒல்லியாக இருக்கும்.

கரகரப்பை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள், ஆம்பிலிருந்தா பெடலிலிருந்தா என்று முடிவு செய்தால் பட்டியல் தானாகப் பாதியாகிவிடும். மூன்று பெயரை எழுதிக்கொண்டு அந்த மூன்றை மட்டும் தேடுங்கள். நான் முதல் தடவை பதினேழு ஆம்பைத் துரத்தி, கடைசியில் பட்டியலிலேயே இல்லாத பதினெட்டாவதை வாங்கினேன்.

6. வோல்டேஜ்: என்னைக் கவிழ்த்த இடம்

அமெரிக்காவிலிருந்து வரும் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்தால் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் ஃபியூஸ் போவது உங்கள் அதிர்ஷ்டம். ஃபியூஸ் தப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

ஸ்டெப்-டவுன் போட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் அதிகமாகச் சூடாகும். என் ஆம்பைத் திறந்து பார்த்த மெக்கானிக், அந்தக் காலத்தில் வால்வு ரேடியோ பார்த்தவர், டிரான்ஸ்ஃபார்மர் மேல் கையை வைத்துவிட்டு உடனே எடுத்தார். ‘தம்பி, இது நம்ம ஊரு கரண்டுக்குச் செஞ்ச வண்டி இல்ல. அரை மணிக்கு மேல ஓட்டாதீங்க’ என்றார்.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ‘230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்’ என்றோ ‘220-240’ என்றோ இருந்தால் நிம்மதி. ‘120 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் ஸ்டெப்-டவுனோடு ஓட்டலாம். ‘120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஸ்டெப்-டவுன் வாங்கும்போது தகட்டில் போட்டிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) உள்ளதாக வாங்க வேண்டும். 250 வாட் இழுக்கும் ஆம்புக்கு 500 விஏ. இந்த வாட் கரண்டு இழுப்பது. ஆம்பின் 15, 40 வாட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சில ஆம்புகளில் வோல்டேஜை மாற்ற ஸ்விட்ச் இருக்கும். மாற்றும்போது ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 120-ல் 2 ஆம்பியர் என்றால் 230-ல் ஏறக்குறைய பாதி. சரியான எண் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

சிங்கப்பூர், துபாய் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் உங்களுக்கு வசதி. அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்டேஜும் நம்முடையதை ஒட்டியதே. சுங்க வரியை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பில் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் போடும் மதிப்புக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதுதான்.

7. நேரில் போய்ச் சோதிப்பது

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் எந்த ஆம்பும் நல்ல பிள்ளைதான். சூடேறிய பிறகுதான் சுயரூபம் தெரியும். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுங்கள். உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், ஒரு டார்ச், ஒரு மரப் பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் ஆம்ப் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். டியூபின் உள்ளே, பெரும்பாலும் உச்சியில், வெள்ளி பூசிய மாதிரி இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்த டியூப் செத்துவிட்டது. சாக்கெட்டைச் சுற்றி சர்க்யூட் போர்டு கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீட்டிலிருந்து வரும் ஆம்பில் ஜாக், ஸ்க்ரூ, சாக்கெட் எல்லாம் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்று எதையும் விடாது.

எந்தக் காரணத்துக்காகவும் சேஸிஸை (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை) திறந்து உள்ளே கை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லும் அளவு அது. திறப்பது மெக்கானிக் வேலை.

ஆன் செய்யுமுன் ஸ்பீக்கர் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் டியூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும், ஆம்பிலேயே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. ஹெட் (ஆம்ப் மட்டும்), கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) தனித்தனியாக வாங்குகிறவர்கள் இரண்டிலும் எழுதியிருக்கும் ஓம்ஸ் எண் பொருந்துகிறதா என்றும், நடுவில் கிட்டார் கேபிள் இல்லாமல் ஸ்பீக்கர் கேபிளே இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

டியூப் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கம்பி மினுங்கினால் சரி. பவர் டியூபில் நீல ஒளி தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், அது சகஜம். உள்ளே இருக்கும் பெரிய சாம்பல் நிறத் தகடே செக்கச் சிவந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஒன்று டியூப் போயிருக்கும், இல்லை பயாஸ் (பவர் டியூபில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டின் அளவு) தப்பு.

கிட்டாரைச் செருகாமல் வால்யூமைப் பாதி வரை ஏற்றுங்கள். லேசான ‘ஸ்ஸ்’ எல்லா டியூப் ஆம்பிலும் உண்டு. ‘ம்ம்ம்’ என்று பலமாக ஹம் வந்தால், முதலில் வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் எர்த் சரியாக இல்லாததே பாதிக் காரணம். எங்கே போட்டாலும் அதே ஹம் என்றால் கோளாறு ஆம்பில்தான். நாப்களை ஒவ்வொன்றாகத் திருப்பும்போது வரும் ‘கரகர’வைச் சுத்தம் செய்துவிடலாம், அதை வைத்து விலையைக் குறையுங்கள்.

பென்சிலால் ஒவ்வொரு டியூபையும் மெல்லத் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் கணீரென எதிரொலித்தால் அந்த டியூபை மாற்ற வேண்டும். இன்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் டியூபில் லேசாகக் கேட்டால் பரவாயில்லை.

கிட்டாரைச் செருகி வாசியுங்கள். அடி ஈ கம்பியை அடித்து முழுவதும் ஒலிக்கவிட்டால் கேபினெட்டில் எங்காவது தகடு அதிர்கிறதா என்று தெரியும். பிறகு ஜி கம்பியில் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு ஸ்வரத்தை, சத்தம் ஏற்றி, நிறுத்திப் பிடியுங்கள். அதற்குக் கீழே சம்பந்தமே இல்லாத இன்னொரு ஸ்வரம் பேய் மாதிரி கூடவே ஒலித்தால் கரண்டைச் சீராக்கும் ஃபில்ட்டர் கபாசிட்டர்கள் தளர்ந்திருக்கலாம். சரி செய்யலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இதை நான் இரண்டாவது ஆம்பில்தான் கற்றுக்கொண்டேன். 52,000 சொன்னவர் 47,000-க்கு இறங்கினார். கடைசியில் மெக்கானிக் பார்த்துவிட்டு, கபாசிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, களைத்த பவர் டியூபுதான் அப்படிச் செய்தது என்றார். அந்த 3,600 போனாலும் எனக்கு லாபம்தான்.

கடைசியாக, நாற்பது நிமிடம் ஓடிய பிறகும் சத்தம் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் தொட வேண்டும்.

8. தாள்கள்

புதிது என்றால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். ‘பில் இல்லாம ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்’ என்பார்கள், வேண்டாம். இந்தியாவின் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் கம்பெனி வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம். வாரண்டியைப் படிக்கும்போது டியூபுக்கு எவ்வளவு நாள் என்று தனியாகப் பாருங்கள். ஆம்புக்கு வருடக்கணக்கில் கொடுப்பவர்களும் டியூபுக்குப் பெரும்பாலும் 90 நாள்தான் கொடுப்பார்கள். எனவே முதல் மூன்று மாதம் ஆம்பை நன்றாகவே வேலை வாங்குங்கள். போகிற டியூப் அதற்குள் போகட்டும்.

செகண்ட் ஹேண்டில் பழைய பில்லின் நகல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் மாடல், சீரியல் எண், தொகை, தேதி எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், முன்பணம் என்று எதையும் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

வெளியூரிலிருந்து பார்சலில் வருவதாக இருந்தால் பவர் டியூபுகளைக் கழற்றி, எது எந்தச் சாக்கெட் என்று எழுதி ஒட்டி, தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் போட வேண்டும், அதற்கு மதிப்பைக் காட்டும் தாள் கேட்பார்கள். பழைய சொந்த உபயோகப் பொருள் என்று விற்பவர் கையெழுத்திட்ட கடிதமும் கூட இருக்கட்டும். பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து ஒன்றை வரவழைப்பதைவிட, இரவு ரயிலில் போய் வாசித்துப் பார்த்துக் கையோடு தூக்கி வருவது மலிவாகவே முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

9. வீட்டுக்கு வந்த முதல் மாதம்

மெக்கானிக்கை ஆம்ப் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வையுங்கள். கிட்டார் கடைகளில் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால், பழைய வால்வு ரேடியோவைச் சரிசெய்பவர்களைத் தேடுங்கள். அவர்களுக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. என் ஆளைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஃபியூஸ் வாங்கப் போன இடத்தில் விசாரித்துத்தான் பிடித்தேன். பவர் டியூப் மாற்றும்போது பயாஸ் வைக்க வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். ஏசி15 போன்ற கேத்தோட் பயாஸ் (பயாஸைத் தானே சரிசெய்துகொள்ளும்) ஆம்புகளில் ஜோடியை மாற்றினால் வேலை முடிந்தது. மற்ற சிலவற்றில் அளந்துதான் வைக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், முக்கியமாகச் சதுர அலை தரும் பழைய வகையில். கரண்ட் போனால் வாசிப்பையும் நிறுத்திவிடுங்கள். இரவில் வோல்டேஜ் 245, 250 என்று ஏறும் பகுதியில் இருந்தால் ஒரு ஸ்டெபிலைசர் போடுவது டியூபின் ஆயுளுக்கு நல்லது. ஹம் வருகிறதென்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்வார்கள் சிலர். அதை மட்டும் செய்யாதீர்கள், அப்புறம் கிட்டார் கம்பியில் கரண்ட் வரலாம். வீட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்யுங்கள்.

ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் இருந்தால் பவரைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து அதைப் போடுங்கள். வாசித்து முடித்ததும் உடனே தூக்கிக் காரில் வைக்க வேண்டாம். சூட்டில் இருக்கும் டியூபின் கம்பி அதிர்ச்சி தாங்காது, ஒரு கால் மணி நேரம் ஆறட்டும். மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அரை மணி ஓட்டுங்கள், ஈரம் காயும். கவர் போடுவது தூசிக்கு மட்டுமல்ல. கதகதப்பான மரப் பெட்டி என்றால் கரப்பான் பூச்சிக்குக் கொண்டாட்டம். ஆம்ப் ஆறிய பிறகுதான் கவரை மூட வேண்டும்.

ஒரு ஜோடி பவர் டியூப், ஒரு 12ஏஎக்ஸ்7, சரியான எண்ணில் நாலு ஃபியூஸ் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஆம்பின் பின்பக்கம் வைத்துவிடுங்கள். என் டப்பாவில் இப்போது மூன்று ஃபியூஸ்தான் பாக்கி. ஒன்று போன டிசம்பரில், நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் போனது.